தோளுக்கு இரண்டு படம்

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைப் பையன்கள் எனக்கு 'ரெண்டு படம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். என் காதில் விழாது என்று நினைப்பு. தோள்வலி என்று யார் வந்தாலும் நான் இரண்டு படம் எடுப்பேன். கையை வெளிப்பக்கம் திருப்பி ஒன்று, உள்பக்கம் திருப்பி ஒன்று. "டாக்டர் ஒண்ணுதான் சார் எழுதியிருக்காரு" என்று சீட்டைக் காட்டுவார்கள். சீட்டைப் பார்த்து எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் இருந்தேன்.

போன வாரம் அந்தப் பையன்களில் ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருச்சியில் புதுசாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். தோளின் மேல் வைத்துத் தேய்த்தால் உள்ளே தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருப்பது டிவியில் தெரிகிற மாதிரி தெரிகிறதாம். "இனிமே உங்க ரெண்டு படமும் வேணாம் சார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். "அது சரி, ஏன் சார் அப்படி ஒரு பிடிவாதம்?" என்று கேட்டான். காப்பியைக் குடி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னால் என் வண்டவாளம் வெளியே வரும். ஆனால் அவன் போனதிலிருந்து டிரைவர் சிங்காரம் அண்ணன் ஞாபகமாகவே இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். குன்னத்துக்காரனான நான் பள்ளிக்கூடம் முடித்து, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி இருட்டறையில் ஆறு மாதம் பிலிம் கழுவக் கற்றுக்கொண்டு, பெரம்பலூரில் டாக்டர் நடேசனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். டாக்டர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பட்டாளம் கழித்துக் கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு சின்ன எக்ஸ்ரே மெஷினையும் அதை ஓட்ட ஒரு பெட்ரோல் எஞ்சினையும் எடுத்து வந்திருந்தார். நெல் கொட்டி வைத்திருந்த ஓர் அறைதான் எங்கள் இருட்டறை. எவ்வளவு கழுவியும் உமி வாசனை போகவில்லை.

டாக்டருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். வழக்கமாக 'நீ, வா, போ' என்று பேசுகிறவர், 'நீங்க' என்று ஆரம்பித்துவிடுவார். "என்ன தம்பி, நீங்களே கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்றால் நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று அர்த்தம். பெரும்பாலும் அது தண்ணீர்த் திட்டு விஷயமாக இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடுந்தண்ணீர். வென்னீர்த் தவலையில் வெள்ளையாகப் படிந்து நிற்கிற அதே உப்பு, ஈரப் பிலிம் காயும்போது அதிலும் பொட்டுப் பொட்டாகப் படியும். எலும்பில் ஓட்டையா, தண்ணீர்த் திட்டா என்று தெரியாமல் போகும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்திருப்பேன்.

பிலிமுக்குத் தட்டுப்பாடு. மெட்ராஸிலிருந்து ரயிலில் அரியலூருக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்களுக்கு வர வேண்டும். மாதத்துக்கு ஒரு பெட்டி வந்தால் பெரிது. ஆகவே ஓர் ஆளுக்கு ஒரு பிலிம்தான் என்று டாக்டர் சட்டம் போட்டிருந்தார். அந்தப் பெட்டியைக் கொண்டு வருகிறவர்தான் சிங்காரம் அண்ணன்.

குரும்பலூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடிய கரி பஸ்ஸின் டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலத்தில், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து வருகிற வாயுவில்தான் வண்டி ஓடும். பின் சீட்டில் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும், வெள்ளைச் சட்டை சாம்பலாகிவிடும். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுத்தான் மரியாதையான இடம். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா, வாத்தியார், மிராசுதார் இவர்களுக்கென்று டிரைவர் அதை வைத்திருப்பார். சனிக்கிழமை நான் ஊருக்குப் போகும்போது, "ஆஸ்பத்திரித் தம்பி, முன்னால வாங்க" என்று என்னைக் கூப்பிடுவார். இருபத்தொரு வயதில் எனக்கு அது பெரிய பெருமை. பிலிம் பெட்டியைச் சூடு படக்கூடாது என்று தன் சீட்டுக்கு அடியில், ஈரச் சாக்கு சுற்றி வைத்துக் கொண்டு வருவார். ஒரு பெட்டிகூட அவர் கையில் கெட்டதில்லை.

அந்த அண்ணனுக்கு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது வலது தோளில் வலி. சட்டைக் கையில் கையை நுழைக்க முடியவில்லை. தலையைச் சீவ முடியவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த கொழுந்தியாளைக் கூட்டி வந்து தோளில் மிதிக்கவும் விட்டார்கள். அந்த அம்மாள் நல்ல கனம். வலி இரண்டு மடங்காகி, ஐந்தாம் நாள் எங்களிடம் வந்தார்.

டாக்டர் அவரை முக்காலியில் உட்கார வைத்துப் பார்த்தது இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முதலில் தொடவே இல்லை. "கையை நீயே தூக்கு" என்றார். விலா உயரத்துக்குமேல் போகவில்லை. பிறகு கட்டை விரலால் தோள் நுனி எலும்புக்குக் கீழே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சிங்காரம் அண்ணன் முக்காலியோடு எகிறினார். அந்த இடத்தில் டாக்டர் மையால் ஒரு புள்ளி வைத்தார். காய்ச்சல் இல்லை, விழவில்லை, அடிபடவில்லை.

"பட்டாளத்துல ஒருத்தனுக்கு இப்படிப் பாத்திருக்கேன். தசைநார் எலும்புல வந்து ஒட்டற எடத்துல சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். இருந்தா படத்துல தெரியும்" என்றார். பிறகு என்னிடம், "கையை வெளிப்பக்கமா நல்லாத் திருப்பி வை. உள்ளங்கை முன்னால பாக்கணும். இல்லேன்னா சுண்ணாம்பு எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்" என்றார்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி, பிலிம் மாட்டியிருந்த பலகைமுன் நின்றார். நான் முழங்கையைப் பிடித்து வெளியே திருப்பினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். முகமெல்லாம் வேர்வை.

"வுட்டுருங்க தம்பி, உசுரு போவுது. இப்படியே எடுத்துருங்க" என்றார்.

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விட்டுவிட்டேன். கை வயிற்றின் மேல் இருந்தபடியே படத்தை எடுத்தேன்.

டாக்டர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "கையைத் திருப்பித்தானே எடுத்தே?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

அந்த இரண்டு வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு பிலிம் வீண், ஒரு 'நீங்க', அவ்வளவுதான். பயந்துவிட்டேன்.

பஸ் முதலாளி ஏற்கெனவே டாக்டருக்கு ஆள் அனுப்பியிருந்தார். திருச்சியிலிருந்து வேறொருவர் புது பஸ் விடப் போவதாகப் பேச்சு. சிங்காரம் அங்கே போவதற்காக நோவு வந்த மாதிரி நடிக்கிறான் என்பது முதலாளியின் சந்தேகம். எலும்பிலோ மூட்டிலோ கோளாறு எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். நடிக்கிறான் என்று அவர் எழுதவில்லை. முதலாளி அப்படித்தான் படித்துக்கொண்டார். வண்டியை எடு, இல்லையென்றால் வேறு ஆள் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது. ஊருக்குப் போக ஸ்டாண்டுக்கு வந்தால் வண்டியில் சிங்காரம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். "வாங்க தம்பி, முன்னால" என்றார் வழக்கம்போல. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய வலது கை மணிக்கட்டைத் துண்டால் ஸ்டியரிங்கோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கியர் மாற்ற இடது கை போகும்போது வலது கைதான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அது நழுவிக் கீழே விழாமல் இருக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு வளைவிலும் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார். பின்னால் முப்பது பேர் வெங்காய விலை பேசிக்கொண்டு வருகிறார்கள். இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரிகிறது. பாதி வழியில் அவராகவே மெதுவாகப் பேசினார்.

"படத்துலயே ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. படம் பொய் சொல்லுமா? அப்ப இந்த வலி எங்கேருந்துதான் வருது தம்பி? வூட்ல அஞ்சலைகூட ஒரு மாதிரியாப் பாக்குறா. எனக்கே சந்தேகமாப் போச்சு, நான் நடிக்கிறனோன்னு."

என் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

குன்னத்தில் வண்டி நின்றது. நான் இறங்கவில்லை. "என்னங்க, ஒங்க ஊரு வந்துருச்சே" என்றார் கண்டக்டர். அரியலூருக்குச் சீட்டுக் கேட்டேன். அரியலூர் போய், அதே வண்டியில் அதே சீட்டில் திரும்பிப் பெரம்பலூர் வந்தேன். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு அவர் பாடே பெரும்பாடாக இருந்தது. போகவர அவ்வளவு தூரமும் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை.

டாக்டர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஊசிகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஊசி மழுங்கினால் கல்லில் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்துவோம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் திருப்பாததை, பொய் சொன்னதை, துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதை.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தார். 'நீங்க' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சிங்காரத்துக்கிட்டச் சொன்னியா?"

"இல்லைங்க சார்."

"பெட்டில எத்தனை பிலிம் இருக்கு?"

"ஒண்ணு சார்."

"நாளைக்குக் காலைல அதை எடு. கடுதாசியில கையெழுத்துப் போட்டது நான். முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். படம் எடுத்தது நீ. சிங்காரத்துக்கு நீ சொல்லு."

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் அவர் மனைவி அஞ்சலையும் வந்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலிலேயே சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு நான் கையைத் திருப்பாமயே எடுத்துட்டேன். டாக்டர் கேட்டதுக்குத் திருப்பினேன்னு பொய் சொல்லிட்டேன். அதனாலதான் ஒண்ணும் தெரியல."

அஞ்சலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எடுங்க" என்றார் அண்ணன். பலகைமுன் நின்று, துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, தன் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து அவரே வெளியே திருப்பினார். உள்ளங்கை முன்னால் வந்து நின்றது. கத்தவே இல்லை.

பிலிமைக் கழுவித் தூக்கினேன். பந்து மாதிரி இருக்கும் எலும்புத் தலைக்கு மேலே, அவரைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளை. சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. மழைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தேன். போகவில்லை. பிலிமைத் திருப்பிப் பின்பக்கமும் துடைத்தேன். அப்படியே இருந்தது. டாக்டர் வந்து என் கையிலிருந்து பஞ்சை வாங்கி, தானும் ஒரு முறை துடைத்துப் பார்த்தார். "தோளுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

மறுநாள் வைத்தியம். பம்ப் ஸ்டவ்வில் ஊசிகளை வேகவைத்தேன். டாக்டர் பழைய மைப்புள்ளி இருந்த இடத்தைக் கட்டை விரலால் மறுபடி கண்டுபிடித்து, அயோடின் தடவி, முதலில் மெல்லிய ஊசியால் மரத்துப்போகிற மருந்தைப் போட்டார். பொறுத்திருந்தார். பிறகு தடித்த ஊசியை மிக மெதுவாக இறக்கினார். ஒரு கட்டத்தில் கை நின்றது. "மணல்ல குத்தின மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சற்றுத் தள்ளி இன்னொரு ஊசியையும் இறக்கினார். ஒன்றின் வழியாக உப்புநீரைச் செலுத்தினார். மற்றதன் வழியாக வெறும் தண்ணீர் வந்தது. பிறகு இளஞ்சிவப்பாக வந்தது. திரும்பச் செலுத்தினார். நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி நின்றேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிண்ணத்தில் விழுந்தது. அடியில் வண்டலாகத் தங்கியது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பேதான், பார்வைக்கு.

அஞ்சலை கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன், இவ்வளவு சுண்ணாம்பு போடாதீங்கன்னு" என்றாள் புருஷனிடம். டாக்டர், வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். பலிக்கவில்லை. பிறகு பல மாதம் அந்த மனிதர் சுண்ணாம்பு இல்லாமல் வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு திரிந்தார். வாயும் சிவக்கவில்லை, ருசியும் இல்லை, முகத்தில் அந்தக் கடுப்பு வேறு.

அன்று சாயங்காலமே வலி பாதியாகக் குறைந்தது. டாக்டர் முதலாளிக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். முன்பு எழுதியது தவறு, தவறு என்னுடையது, இந்த ஆள் சொன்ன வலி அத்தனையும் உண்மை என்று எழுதியிருந்தார். என் பெயர் அதில் இல்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, "கை சரியாவுற வரைக்கும் இருந்து வரட்டும், வண்டி அவனுதுதான்" என்றார். ரோட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டேன்.

மூன்று வாரம் கைக்குப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். எட்டிய இடத்தில் அண்ணன் பஸ் கரியால் கோடு போடுவார். எங்கள் ஆஸ்பத்திரி வராந்தா சுவரில் அந்தக் கோடுகள் மார்பு உயரத்திலிருந்து ஆரம்பித்து, தலைக்கு மேலே போய் முடிந்தன. தினமும் வருவார். டாக்டரிடம் பேசுவார், நர்ஸம்மாளிடம் பேசுவார். என்னிடம் பேச மாட்டார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு முதல் சனிக்கிழமை நான் ஸ்டாண்டுக்குப் போனேன். முன் சீட்டு காலியாக இருந்தது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே, "பின்னால எடம் இருக்கு" என்றார். போய்க் கரி உருளைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாலு மாதம் அப்படித்தான். முதுகு வெந்து, சட்டை சாம்பலாகி வீட்டுக்குப் போவேன். அம்மா வெளுக்கும்போதெல்லாம் திட்டுவாள். எனக்கு அவர்மேல் கோபம் வரவே இல்லை. ஆனால் ரொம்ப வருத்தமாக இருந்தது. அவர் கொண்டு வந்த பிலிமில் அவருக்கே நான் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறேன் என்று நினைக்கும்போது தூக்கம் வராது. பிலிம் பெட்டி மட்டும் எப்போதும்போல ஈரச் சாக்கில் பத்திரமாக வந்தது. நர்ஸம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டாக்டரும் சட்டத்தை மாற்றிவிட்டார். தோள் என்றால் இரண்டு பிலிம்.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். அரும்பாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைச் சிங்காரம் அண்ணனே கையைப் பிடித்து அழைத்து வந்தார். பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடிக்க முடியாமல் தவித்தவராம். அண்ணன் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றுகொண்டார். நான் பெரியவரின் கையைத் திருப்பப் போனபோது அவர் முனக ஆரம்பித்தார். நான் பிடியைத் தளர்த்தினேன்.

"கத்துறதுன்னா கத்துங்க பெரியவரே, பரவால்ல. ஆனாத் திருப்பிருங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

திருப்பி ஒன்று எடுத்தேன். பிறகு உள்பக்கமாக வைத்து இன்னொன்று எடுத்தேன். கழுவி, மழைத் தண்ணீரில் அலசி, இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேண்ணே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தன் வலது கையை மெதுவாகத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இப்படித் திருப்பியும் பாத்தாச்சு?"

"ரெண்டு விதமாவும் பாத்தாச்சுண்ணே."

"அப்ப ஒண்ணும் இல்லதான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "சனிக்கெழமை முன்னால ஏறுங்க தம்பி. ஒங்கம்மா பாவம், எத்தினி சட்டைய வெளுப்பாங்க."